பக்கத்து சீட்டில் தூங்கியவர்

அக்டோபர் 6, திங்கள்

மாஸ்டர் அவர்களுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். விமானம் விழவில்லை. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து காலால் தரையை மிதிக்காமலே பைலட் எப்படியோ இறக்கிவிட்டார்.

ஏன் போன் பண்ணவில்லை, இன்னும் கோபமா என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். கோபம்தான். ஆனால் காரணம் அது இல்லை. இந்த யோகா முகாமில் வாசலிலேயே போனை வாங்கி, துணிப்பையில் போட்டு, அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். வாரம் முடிந்துதான் தருவார்களாம். வேண்டுமானால் கையால் கடிதம் எழுதலாம். ஆபீஸில் இருக்கும் பெண் அதைப் படம் எடுத்து மெயிலில் அனுப்புவாள். பதில் வந்தால் அச்செடுத்து, மடித்து, நம் பாய் மேல் வைத்துவிடுவாள். அவளுக்கு நம் மொழி தெரியாது. அதனால் தாராளமாகத் திட்டலாம், அதைத்தான் செய்யப்போகிறேன்.

ஏர்போர்ட் ரோட்டில் நடந்ததை நான் மறக்கவில்லை. அது நம் வீட்டுக் கார். டிரைவிங் ஸ்கூல் காரில் இருப்பது போல சொல்லிக்கொடுப்பவருக்கென்று தனி பிரேக் உங்கள் பக்கம் கிடையாது. ஆனாலும் நான் ஓட்டினால் ஒவ்வொரு சிக்னலுக்கும் உங்கள் வலது கால் தரையை மிதிக்கிறது. ரவுண்டானாவில் லாரியைப் பார்த்ததும் ஹேண்ட் பிரேக்கையே பிடித்து இழுத்துவிட்டீர்கள். பின்னால் வந்த கார்க்காரன் என்னைப் பார்த்துத்தான் கத்தினான். நம் ஊரில் பாதிப் பெண்களுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள் நான். கல்யாணமானதிலிருந்து இன்றுவரை நான் ஓட்டும் காரில் நீங்கள் ஒரு நாளாவது காலைச் சும்மா வைத்துக்கொண்டு வந்ததுண்டா? யோசித்துப் பாருங்கள். நான் யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்கிப் பின் சீட்டில் போய் உட்கார்ந்தேன்.

"படுத்துத் தூங்கறதுக்கு ஃப்ளைட் பிடிச்சு வேற தேசம் போகணுமா?" என்று கேட்டீர்களே, அதையும் மறக்கவில்லை. அக்கா தனக்கென்று பதிவு செய்த இடம் இது. பையனுக்குப் பரீட்சை வந்ததால் எனக்குக் கிடைத்தது. கழுத்துக்கு ஓய்வு கொடுக்காவிட்டால் ஸ்டியரிங்கைத் திருப்பவே முடியாமல் போகும் என்று டாக்டர் சொன்னதை நீங்களும்தானே கேட்டீர்கள்?

அறை சின்னது. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, சுவரில் ஒரே ஒரு கொக்கி. ஜன்னலைத் திறந்தால் ஏரி. யாரோ சமைக்கிறார்கள், யாரோ தட்டை எடுத்துக்கொண்டு போகிறார்கள். நான் எழுந்து நின்றால்கூட "உட்காருங்கள்" என்கிறார்கள். என் பக்கத்துப் பாயில் ஒரு கப்பல்காரர். கேப்டனாக இருந்து ரிட்டயர் ஆனவர். போன துறைமுகத்திலெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் மொழியைப் பொறுக்கி வைத்திருக்கிறார், நம் மொழியும் வருகிறது. நான் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்கிறார். அப்படி ஓர் ஆணை நான் பார்த்து ரொம்ப நாளாகிறது.

கணக்கு டீச்சருக்கு வெள்ளிக்கிழமை டெஸ்ட். பாவம், ஐந்து தடவை தோற்றுவிட்டார். ஒரு வருடமாக நான் படாத பாடு பட்டும் பலனில்லை. லாரி பழக வருகிற தடியன்களிடம் கத்துவது போல அவரிடம் கத்தி வைக்காதீர்கள். ஆறாவது தடவை தோற்றாலும் நான் இல்லாததால்தான் என்று இருக்கட்டும், நீங்கள் கத்தியதால் என்று ஆக வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் ஸ்கூலில் வேலை பார்க்கும் மேடம்

---

அக்டோபர் 7, செவ்வாய்

மேடம் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. ஏரி கிடைக்கப்பெற்றவர்களுக்கு என் வணக்கம். நான் வேகவைக்க முட்டை கிடைக்கப்பெற்றவன். வைத்துவிட்டு மறந்துவிட்டேன். தண்ணீர் வற்றி முட்டை வெடித்து, அடுப்பு, சுவர், காலண்டர் எல்லாம் மஞ்சள். உனக்குத் தட்டை எடுத்துக்கொண்டு போக ஆள் இருக்கிறது. எனக்குத் தட்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்று சொல்லக்கூட ஆள் இல்லை.

நீ நன்றாக ஓய்வெடு. வயிறெல்லாம் எரியவில்லை. காலை ஆறு மணிக்குப் புகையும் ஹாரனும் நடுவே நின்று "கிளட்ச்! கிளட்ச்!" என்று நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கும்போது நீ ஏரியைப் பார்த்து மூச்சை இழுத்து விடுகிறாய் என்று நினைத்துக்கொள்வேன். அவ்வளவுதான். மூச்சு இங்கேயும் இலவசம்தான்.

ஒரு சந்தேகம். கப்பல்காரர் ரிட்டயர் ஆனவர் என்று எழுதியிருக்கிறாய். எந்த வயதில் என்று எழுதவில்லை. சில பேர் நாற்பதிலேயே ரிட்டயர் ஆகிவிடுகிறார்கள். சும்மா பொது அறிவுக்காகக் கேட்கிறேன். அப்புறம், குறுக்கே பேசாமல் கேட்கிறாராம். மொழி பாதிதான் தெரியும் என்றால் குறுக்கே எப்படிப் பேசுவார்? எனக்கும் நீ பேசுவதில் பாதி புரியாமல் இருந்திருந்தால் நானும் நல்ல கணவன் என்று பெயர் வாங்கியிருப்பேன்.

டீச்சரைப் பற்றிக் கவலைப்படாதே. ரோட்டுக்குக் கூட்டிப் போகவில்லை, பின்பக்கத்துக் காலி மைதானத்திலேயே பழைய டயர்களை அடுக்கி வைத்துப் பழக்குகிறேன். இன்றைக்கு ரிவர்ஸில் டயர்களுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தினார். ஒரு டயரும் விழவில்லை. நீ ஒரு வருடம் சொல்லியும் வராதது எப்படி வந்தது என்று அவருக்கே ஆச்சரியம். நான் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்.

மாடியில் புழுக்கம். அதனால் கீழே ஆபீஸ் சோபாவிலேயே படுத்துக்கொள்கிறேன்.

ஹேண்ட் பிரேக் விஷயம். அந்த லாரி வந்த வேகம் உனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
மாஸ்டர்

---

அக்டோபர் 8, புதன்

மாஸ்டர் அவர்களுக்கு,

லாரி வந்த வேகம் எனக்குத் தெரியும். நான்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் மாடியில் புழுக்கம் என்று சொல்லி நான் இன்றுதான் கேள்விப்படுகிறேன். கோடையிலேயே ஜன்னலைச் சாத்தச் சொல்கிற ஆள் நீங்கள். அந்த சோபாவில் ஸ்பிரிங் குத்துகிறது என்று புது சோபா கேட்டபோது "அதுல யார் படுக்கப் போறா?" என்றீர்கள். இப்போது யார் படுக்கிறார்கள் பாருங்கள். சரி, உங்கள் சோபா, உங்கள் முதுகு.

டீச்சர் ரிவர்ஸ் போட்டதைப் படித்து சந்தோஷப்பட்டேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. மூன்று தடவை படித்தேன். 'நான் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை' என்ற வரியைத்தான் அதிகம் படித்தேன். ஒரு வருடம் அவருக்காகத் தொண்டைத் தண்ணீரை வற்றவைத்தது நான். என் கழுத்து போனதே அவரோடு உட்கார்ந்து இப்படியும் அப்படியும் திரும்பித் திரும்பிப் பார்த்ததில்தான். நான் நகர்ந்த மறுநாளே அவருக்கு ரிவர்ஸ் வருகிறதாம். பொறாமை என்றால் பொறாமைதான், மறைக்க என்ன இருக்கிறது?

இங்கே ஒரு வேடிக்கை. கடைசியில் எல்லோரையும் மல்லாக்கப் படுக்கச் சொல்லி, உடம்பைத் தளரவிடச் சொல்கிறார்கள். சவாசனம். பிணம் மாதிரி கிடந்தால் போதும், இதில் என்ன கஷ்டம் என்று கிடந்தேன். யோகா சொல்லித்தரும் பெண் வந்து என் வலது காலைத் தொட்டாள். கால் தரையை மிதித்துக்கொண்டே இருக்கிறதாம், எனக்குத் தெரியவே இல்லை. "எதை நிறுத்துறீங்க?" என்று கேட்டாள். கூடம் முழுக்கச் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் கால்தான் ஞாபகம் வந்தது.

இன்னொரு செய்தி. வேன் டிரைவருக்குக் காய்ச்சல். மலை இறங்கி ஊருக்குள் போக ஆள் இல்லாமல் நின்றார்கள். நான் ஓட்டுகிறேன் என்றேன். வெளிநாட்டில் ஓட்டுவதற்கான லைசென்ஸ் எடுத்தபோது "எங்க போய் ஓட்டப் போற?" என்று சிரித்தீர்களே, அதைக் காட்டினேன். கொண்டை ஊசி வளைவுகள், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். முன் சீட்டில் என் பக்கத்தில் கப்பல்காரர் உட்கார்ந்தார். மூன்றாவது வளைவில் திரும்பிப் பார்க்கிறேன், மனிதர் தூங்கிவிட்டார். வாயைத் திறந்துகொண்டு, கையை மடியில் போட்டுக்கொண்டு, அப்படி ஒரு தூக்கம். ஊர் வந்து நான் எழுப்பும்வரை எழுந்திருக்கவில்லை.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. உங்களுக்குப் புரியாது.

மேடம்

---

அக்டோபர் 9, வியாழன், காலை

மேடம் அவர்களுக்கு,

புரியாதா? நன்றாகப் புரிகிறது. என் மனைவியின் பக்கத்தில் ஒரு அந்நிய ஆண் வாயைத் திறந்துகொண்டு தூங்கியிருக்கிறான், அதைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கியிருக்கிறது. இதைக் கட்டிய கணவனுக்கே எழுதி அனுப்பியும் இருக்கிறாள். இதில் புரிய என்ன பாக்கி இருக்கிறது?

கையைப் பிடித்தார் என்று எழுதியிருந்தால்கூட என்ன செய்வது என்று எனக்குத் தெரிந்திருக்கும். தூங்கினார் என்கிறாய். தூங்கியவனை என்ன செய்வது? கடிதத்தை மடித்து டிராயரில் போட்டேன். எடுத்தேன், படித்தேன், மறுபடி போட்டேன். காலை வகுப்புக்கு வந்த லாரிப் பையன் ஒருத்தன் சீட்டில் லேசாகச் சாய்ந்தான். "தூங்கறியாடா? என் வண்டியில தூங்கறியா?" என்று பாய்ந்துவிட்டேன். அவன் சீட் பெல்ட்டைத் தேடிக்கொண்டிருந்தானாம்.

அப்படித் தூங்குவது ஒரு திறமையா? கடலில் எதிரே வண்டி வராது, சிக்னல் கிடையாது, நடுவில் மாடு வராது. அந்தப் பழக்கத்தில் தூங்கிவிட்டார். இருபது வருடம் இந்த ரோட்டில் ஓட்டிப் பழக்கியவன் தூங்குவானா?

நீ இல்லாமல் இங்கே ஒன்றும் நின்றுவிடவில்லை என்று தெரிவித்துக்கொள்கிறேன். டீச்சர் இன்றைக்கு சூப் கொண்டுவந்தார், காரட் போட்டது. சூடாக இருந்தது. நான் முட்டையை வெடிக்கவிட்ட கதையைக் கேட்டு மனம்விட்டுச் சிரித்தார். என் கதைக்கும் சிரிக்க ஆள் இருக்கிறது.

மாஸ்டர்

---

அக்டோபர் 9, வியாழன், மாலை

சூப் குடித்தவருக்கு,

உங்கள் கடிதத்தோடு அக்காவின் கடிதமும் என் பாய் மேல் இருந்தது. அவள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் நம் மைதானம் தெரியும் என்பதை மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. கணக்கு டீச்சர் உங்கள் தோளை அணைத்துப் பிடித்து, மெதுவாக நடத்திக் கொண்டுவந்து, காரில் உட்கார வைத்தாளாம். ஒரு நாள் இல்லை, தினமும். நீங்களும் அவள் தோளில் கை போட்டுக்கொண்டுதான் வந்தீர்களாம். அக்கா ஜாடைமாடையாக எழுதவில்லை. "இதெல்லாம் நல்லா இல்லடி" என்று பச்சையாகவே எழுதியிருக்கிறாள்.

புழுக்கம், சோபா, சூப், காலி மைதானம், 'சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்'. இப்போது எனக்கு எல்லாம் கோவையாக வருகிறது. என் பக்கத்தில் ஒருவர் தூங்கியதற்கு நீங்கள் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தீர்கள். அவர் வேனில் பத்துப் பேர் நடுவே தூங்கினார். நீங்கள் யாருமில்லாத மைதானத்தில் முழு விழிப்போடு இருந்திருக்கிறீர்கள்.

அவளுக்கு நான் என்ன குறை வைத்தேன்? தோற்ற ஒவ்வொரு தடவையும் அவள் கண்ணைத் துடைத்து, டீ வாங்கிக் கொடுத்து, வீட்டில் கொண்டுவிட்டவள் நான். என் மாணவி. என் கார். என் சீட். என் புருஷன். ஒரே வாரத்தில் எல்லாவற்றிலும் ஏறி உட்கார்ந்துவிட்டாளா?

இன்று பட்டினி. சாப்பாடு இறங்கவில்லை. எனக்குக் கொடுத்த ஏரியைப் பார்த்துக்கொண்டு, இங்கே தெரியாத அந்த மைதானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதற்குப் பெயர் ஓய்வாம்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். வேன் டிரைவர் வேலையை விட்டுவிட்டார். இந்த இடத்தை நடத்துகிற அம்மா என்னைக் கூப்பிட்டு, சீசன் முடியும்வரை மூன்று மாதம் இருந்து வேன் ஓட்ட முடியுமா என்று கேட்டார். அறை தருகிறார்கள், சாப்பாடு தருகிறார்கள். "நீங்க ஓட்டினா யாருக்கும் பயமே வரல" என்றார். நேற்று கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். இன்று யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வேறு பெயர் வந்துவிட்டது என்றால் நேராகச் சொல்லிவிடுங்கள். நான் இங்கேயே இருந்துகொள்கிறேன்.

---

அக்டோபர் 10, வெள்ளி

அம்மா தாயே,

உங்க அக்காவுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும். அவள் எல்லாவற்றையும் பார்த்தாள், என் வலது காலில் தலையணை மாதிரி சுற்றியிருக்கும் கட்டுத்துணியை மட்டும் பார்க்கவில்லை.

கால் சுளுக்கிவிட்டது. நீ போன மறுநாள் காலை. நீ காயப்போட்டிருந்த துணியை மொட்டை மாடியிலிருந்து மூட்டையாக அள்ளிக்கொண்டு இறங்கினேன். படி முடிந்துவிட்டது என்று நினைத்தேன், முடியவில்லை. விழுந்த இடத்தில் துணி மேலேயே கொஞ்ச நேரம் கிடந்தேன். உன் சவாசனத்தை உனக்கு முன்னால் செய்தவன் நான். அதனால்தான் மாடி ஏற முடியாமல் சோபா. ஸ்பிரிங் குத்துகிறது, நீ சொன்னது சரிதான். அதனால்தான் டீச்சர் தோள். அதனால்தான் சூப். அந்த சூப்பும் டீச்சர் வைத்தது இல்லை, அவர் மாமியார் வைத்தது.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை? சொன்னால் அடுத்த விமானத்தில் வந்து நிற்பாய். வந்ததும் "நான் இல்லாம ரெண்டு நாள் உங்களால நிக்க முடியல" என்பாய். நிஜமாகவே நிற்க முடியவில்லை என்பதுதான் எனக்கு அவமானம்.

இப்போது டீச்சர் கதை. கட்டுப்போட்ட காலால் நம் பக்கத்து பிரேக்கை மிதிக்க முடியாது. இடது காலால் மிதித்துப் பார்த்தேன். பழக்கமில்லாத கால், ஒரே மிதி. டீச்சரின் மூக்குக்கண்ணாடி பறந்து டேஷ்போர்டில் போய் விழுந்தது. அவர் அதை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு, "சார், தயவு செஞ்சு அந்தக் காலையும் மேல வச்சுக்கோங்க" என்றார். மடக்கி சீட் மேல் வைத்துக்கொண்டேன். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டயர் நெருங்கி வந்தது. நான் கத்தக்கூட மறந்துவிட்டேன். டீச்சர் தானாக பிரேக்கை மிதித்து, அழகாக நிறுத்தினார். நிறுத்திவிட்டு ஸ்டியரிங் மேல் தலையை வைத்துக்கொண்டு அழுதார். "மேடம் நல்லவங்க சார். ஆனா எனக்கு முன்னாடியே அவங்க மிதிச்சிடுவாங்க. பிரேக் என் காலுக்கு வந்ததே இல்ல."

உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. சரி, கொஞ்சம் குத்திக்காட்டவும்தான். ஆனால் அதைக் கேட்டதும் எனக்கு உன் ஞாபகம் வரவில்லை. ரவுண்டானாதான் ஞாபகம் வந்தது. நீ அவருக்குச் செய்ததை நான் உனக்குச் செய்துகொண்டிருக்கிறேன். உனக்கு ஓட்டத் தெரியாது என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்றுதான் கால் போகிறது. ஆனால் பக்கத்தில் இருப்பவளுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

டீச்சர் இன்று காலை பாஸ். லைசென்ஸையும் அங்கேயே கையில் கொடுத்துவிட்டார்கள். முதலில் "மேடத்துக்குச் சொல்லிடுங்க சார்" என்றார். இதோ சொல்லிவிட்டேன்.

மூன்று மாத விஷயம். காலையிலிருந்து அதைப் பற்றி நாலு தரம் எழுதிக் கிழித்தாயிற்று. முதலில் 'உடனே கிளம்பி வா' என்று எழுதினேன். அது ஹேண்ட் பிரேக். பிறகு 'உன் இஷ்டம், எனக்கென்ன' என்று எழுதினேன். அது பொய். கப்பல்காரர் தினமும் உன் பக்கத்து சீட்டில் தூங்குவதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, அது உண்மை. நீ நன்றாக ஓட்டுகிறாய் என்று சொல்ல வேற தேசத்து அம்மா ஒருத்தி வேண்டியிருந்தது என்பது அதைவிட எரிகிறது. அதை நான் சொல்லியிருக்க வேண்டும்.

இருக்க வேண்டும் என்று தோன்றினால் இரு. வா என்றும் சொல்லமாட்டேன், இரு என்றும் சொல்லமாட்டேன். இதை எழுதும்போது என் நல்ல கால் மேசைக்கு அடியில் தரையை மிதித்துக்கொண்டுதான் இருக்கிறது. அங்கே பிரேக் கிடையாது என்று எனக்குத் தெரியும்.

உன்
மாஸ்டர்

---

அக்டோபர் 11, சனி, காலை

கால் உடைந்தவருக்கு,

சுளுக்குக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தீர்களா, இல்லை அதற்கும் டீச்சரின் மாமியார் வர வேண்டுமா? வீங்கியிருந்தால் ஐஸ்தான் வைக்க வேண்டும். காலைத் தலையணை மேல் தூக்கி வையுங்கள். சோபாவின் இடது ஓரத்தில் ஸ்பிரிங் குத்தாது.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் கோபப்பட்டேன். பிரேக் அவர் காலுக்கு வந்ததே இல்லையாமே. ஒரு வருடம் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் உங்களிடம் சொல்லியிருக்கிறார். அந்த அழுகையை என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதிருந்தால் என்ன? அவர் பாஸ் ஆன அன்று நான் அங்கே இல்லையே என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. போட்டோ எடுத்திருப்பீர்கள், நீங்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு நிற்பீர்கள். அதை எனக்குக் காட்ட வேண்டாம். காட்டாமலும் இருக்க வேண்டாம்.

பிறகு கூடத்துக்குப் போய்ப் படுத்தேன். காலையே கவனித்துக்கொண்டிருந்தேன். டீச்சர் தனியாக ஓட்டிக்கொண்டு போவது போல நினைத்துப் பார்த்தேன். கால் மிதிக்கத்தான் போனது. விடு, அவள் நிறுத்திக்கொள்வாள் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. அந்தக் கொஞ்ச நேரத்தில் கழுத்து வலியே தெரியவில்லை.

வேனுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். உங்களுக்காக என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். டீச்சருக்கு இன்னும் ஹைவேயில் ஓட்டப் பழக்கவில்லை. அதை நான்தான் பழக்குவேன். மைதானத்தோடு உங்கள் எல்லை முடிந்தது.

நாளை மதியம் இறங்குகிறேன். காரைக் கொண்டுவாருங்கள். திரும்பும்போது நான்தான் ஓட்டுவேன். நீங்கள் பக்கத்து சீட்டில். காலில் கட்டு இருக்கிறது என்ற சாக்கெல்லாம் செல்லாது, நல்ல கால் ஒன்று மீதி இருக்கிறது.

மேடம்

---

அக்டோபர் 11, சனி, மாலை

வருகிறோம். ஓட்டிக்கொண்டு வரப்போவது டீச்சர். வேறு வழியில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. திரும்பும்போது அவர் பின் சீட்டுக்குப் போய்விடுவார், நீ போனது போல கோபமாக இல்லை.

ஐஸ் வைத்தேன். இடது ஓரத்தில் குத்தவில்லை.

ஒன்று சொல்லிக்கொள்கிறேன். பக்கத்து சீட்டில் தூங்குவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கப்பல்காரரால் முடிந்தது என்னால் முடியாதா? நாளைக்குப் பார்.

மாஸ்டர்

---

அக்டோபர் 13, திங்கள்

என்னங்க,

ஆறு மணி வகுப்புக்குக் கிளம்புகிறேன். நீங்கள் சோபாவில் நன்றாகத் தூங்குகிறீர்கள், எழுப்ப மனம் வரவில்லை. போன் கைக்கு வந்துவிட்டாலும் எழுதிப் பழகிவிட்டது. இந்தக் காகிதத்தை உங்கள் கால்கட்டுக்குள் செருகிவிட்டுப் போகிறேன். காரட் சூப் அடுப்பில் இருக்கிறது. நான் வைத்தது. குடித்துவிட்டு யாருடையது நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள், யோசித்துச் சொல்லுங்கள்.

கப்பல்காரரைப் பற்றி ஒன்றை மட்டும் உங்களுக்கு எழுதாமல் விட்டேன். அவர் எங்கே உட்கார்ந்தாலும் தூங்குவார். சாப்பாட்டு மேசையில் கரண்டியோடு தூங்குவார். தலைகீழாக நிற்கச் சொன்னபோது சுவரில் காலைச் சாய்த்துக்கொண்டு அப்படியே தூங்கினார். வயது எழுபத்தாறு. இதையெல்லாம் முதல் நாளே எழுதியிருக்கலாம். வேண்டுமென்றுதான் எழுதவில்லை.

நேற்று நீங்கள் தூங்கியது நடிப்பு. கிளம்பிய உடனே கண்ணை மூடிக்கொண்டீர்கள். தூங்குகிற மனிதன் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கமாட்டான், சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கமாட்டான். ரவுண்டானா வந்தபோது உங்கள் நெற்றி வேர்த்தது. கண்ணாடியில் டீச்சரைப் பார்த்தேன். அவர் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

ஆனால் அந்த நல்ல கால் அசையவில்லை. நான் பார்த்துக்கொண்டேதான் வந்தேன். ரோட்டைப் பார்க்க வேண்டியவள் உங்கள் காலைப் பார்த்துக்கொண்டு வந்ததில், நம் வீட்டுப் பக்கம் திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். பாலத்தைச் சுற்றிக்கொண்டு வர எவ்வளவு நேரம் ஆனது!

இருபது வருடமாக அந்த ரோட்டில் ஓட்டுகிறவர் நீங்கள். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் திருப்பம் போனது உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. வீடு வரும்வரை வாயைத் திறக்கவே இல்லையே.